பிக்கப்புக்கு எக்ஸ்ட்ரா லைட்டு: லைட்டு வாங்குறதுக்கு முன்னாடி ஒயரைப் பத்திப் பேசிடலாம்

என் வண்டி டேஷ்போர்டு டிராயர்ல ஒரு செத்த சுவிட்ச் கெடக்கு. செவப்பு கலர் ராக்கர் சுவிட்ச், ஒரு பக்கம் மெழுகுவத்தி மாதிரி உருகி வழிஞ்சு, பின்னாடி இருக்குற ரெண்டு பின்னும் கோணலா சாஞ்சு நிக்கும். தூக்கிப் போடாம வச்சிருக்கேன். புதுசா பிக்கப் எடுத்துட்டு "அண்ணே, ரெண்டு ஃபாக் லைட்டு போடணும், பேட்டரிலேர்ந்து நேரா ஒரு ஒயரு இழுத்து சுவிட்ச் வச்சா போதும்ல"ன்னு கேக்குற தம்பிங்ககிட்ட வாய் பேசாம அத எடுத்து கைல குடுத்துருவேன்.

நான் ஓட்டுறது பொலிரோ பிக்கப், காய்கறி லோடு, திண்டிவனம் பக்கத்துலேர்ந்து ராத்திரி ஏத்தினா விடியறதுக்குள்ள கோயம்பேடுல எறக்கணும். வண்டி வாங்கின புதுசுல ஒரு கடைல ரெண்டு ஹாலஜன் லைட்டு மாட்டிக்கிட்டேன், கடை பேரெல்லாம் வேணாம். ஒரு நாள் நல்ல மழை, ஜிஎஸ்டி ரோட்ல வந்துட்டு இருக்கேன், மீன் கருகுற மாதிரி ஒரு நாத்தம். முன்னாடி போற லாரில மீன் லோடு போலன்னு நெனச்சு ஓவர்டேக் கூட பண்ணிட்டேன், நாத்தம் கூடவே வருது. அப்புறம் பார்த்தா டேஷ்போர்டுக்குக் கீழ லேசா புகை. ஓரங்கட்டி பேட்டரி கேபிளைக் கழட்டுறதுக்குள்ள கை நடுங்கிப் போச்சு.

கடைக்காரர் என்ன பண்ணியிருந்தாருன்னா, பேட்டரி பிளஸ்லேர்ந்து ஒரு மெல்லிசு ஒயரு, அது கேபினுக்குள்ள வந்து சுவிட்சு, சுவிட்சுலேர்ந்து திரும்ப முன்னாடி போயி ரெண்டு லைட்டு. ஃப்யூஸ் கிடையாது, ரிலேவும் (சின்ன கரண்ட்டால பெரிய கரண்ட்ட ஆன் பண்ற பொட்டி) கிடையாது. லைட்டு ஒண்ணு 55 வாட், ரெண்டும் சேந்து 110. வாட்டை வோல்ட்டால வகுத்தா ஆம்ப், 110ஐ 12ஆல வகுங்க, 9 ஆம்புக்கு மேல வருது. அந்த சுவிட்சுல 6 ஆம்ப்னு அச்சடிச்சிருக்கு. பக்கத்துலயே 250 வோல்ட்டுன்னு வேற போட்டிருக்கும், அதப் பார்த்துட்டு "250க்கே தாங்கும், 12க்கு தாங்காதா"ன்னு கேப்பாங்க, அங்கதான் எல்லாரும் ஏமாறுறது. சூடாக்குறது ஆம்ப்தான், வோல்ட் இல்ல. அதுவும் இல்லாம வீட்டு ஏசி கரண்ட் செகண்டுக்கு நூறு வாட்டி பூஜ்யத்தைத் தொட்டுட்டு வரும், சுவிட்ச் ஆஃப் பண்றப்ப வர்ற பொறி தன்னால அணைஞ்சுடும். வண்டி பேட்டரி டிசி, பொறி இழுத்துக்கிட்டே நிக்கும், காண்டாக்ட்டு கருகிக்கிட்டே வரும்.

இப்ப நான் எழுதுறது போன மாசம் என் மச்சான் பையன் வண்டிக்கு உக்காந்து பண்ணினத வச்சு. அவனுக்கு இது முதல் வண்டி, ஸ்பானர் பிடிக்கத் தெரியும், மத்தபடி ஒண்ணும் தெரியாது. நீங்களும் அப்படித்தான்னு வச்சுக்கிட்டு சொல்றேன்.

எந்த லைட்டு, எதுக்கு

மொதல்ல எதுக்கு வேணும்னு முடிவு பண்ணுங்க. மழைலயும் பனிலயும் ரோட்டு ஓரத்து வெள்ளைக்கோடு தெரியணும்னா ஃபாக் லைட்டு, கீழ மாட்டுறது, வெளிச்சம் அகலமா விரிஞ்சு மேல பக்கம் கத்தி வச்சு வெட்டின மாதிரி நிக்கணும். நீளமா தூரம் தெரியணும்னா ஸ்பாட் லைட்டு, அது ஹை பீம் கூட மட்டும்தான் எரியணும். லோடு ஏத்த எறக்க பாடிக்குள்ள வெளிச்சம் வேணும்னா ஃப்ளட் லைட்டு. சென்னைல பனி எங்க இருக்குன்னு சிரிக்காதீங்க, போகி அன்னிக்கு விடியக்காலைல புறவழிச்சாலைல வண்டி ஓட்டிப் பாருங்க, டயரும் பாயும் எரிச்ச புகையும் பனியும் ஒண்ணா எறங்கி நிக்கும், ஹை பீம் போட்டா வெள்ளைச் சுவருதான் தெரியும். மஞ்சளா வெள்ளையான்னு சண்டை போடுறதுல எனக்கு ஆர்வம் இல்ல. மேல வெளிச்சம் சிதறாம இருக்கா, அது போதும்.

எல்இடியா ஹாலஜனான்னா எல்இடி எடுங்க, கரண்ட் கம்மி. ஆனா டப்பால போட்டிருக்குற வாட்டை நம்பாதீங்க. பையன் வாங்கிட்டு வந்த லைட்டுல 120 வாட்டுன்னு தங்கக் கலர்ல எழுதியிருந்துச்சு, மீட்டரை சீரிஸ்ல போட்டுப் பார்த்தா 1.8 ஆம்ப், பேட்டரி 12.6 வோல்ட், அப்ப 23 வாட் கூட முழுசா இல்ல. அதுக்காக மோசம்னு இல்ல, நல்ல வெளிச்சம்தான், ஆனா 120னு நம்பி கணக்குப் போட்டா ஃப்யூஸு தப்பாயிடும். நாலஞ்சு மடங்கு பெரிய ஃப்யூஸு போட்டுட்டு "ஃப்யூஸ் இருக்கு"ன்னு நிம்மதியா தூங்குறதும் ஃப்யூஸே இல்லாம தூங்குறதும் ஒண்ணுதான். மீட்டர்ல ஆம்ப் பார்க்குறப்ப செவப்பு லீடை 10 ஆம்ப் ஓட்டைல சொருகணும், பார்த்து முடிச்ச உடனே வோல்ட் ஓட்டைக்கு மாத்திடணும், மறந்துட்டு அப்படியே பேட்டரில வச்சா மீட்டருக்குள்ள இருக்குற ஃப்யூஸுக்கு மாலைதான்.

தண்ணிக்கு ஐபி 67ன்னு போட்டிருக்கறதப் பார்த்து எடுங்க, ஒரு மீட்டர் ஆழத்துல அரை மணி நேரம் மூழ்கினாலும் உள்ள தண்ணி போகக் கூடாதுங்கறது அதுக்கு அர்த்தம். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்ப எங்க தெருவுல நின்ன தண்ணி பம்பருக்கு மேல. அதனால இது ஆடம்பரம் இல்ல.

சட்டம் ரெண்டு வரில. 1989 மத்திய மோட்டார் வாகன விதில 106ஆவது விதி, எதிர்ல வர்றவன் கண்ணு கூசக் கூடாது, லைட்டு கீழ பார்த்து இருக்கணும்னு சொல்லுது. 108ஆவது விதிப்படி முன்னாடி செவப்பு காட்டக் கூடாது, பின்னாடி ரிவர்ஸ் எடுக்குறப்ப தவிர வெள்ளை காட்டக் கூடாது, அதனால பாடி லைட்டு ஓடுறப்ப அணைஞ்சுதான் இருக்கணும். பம்பருக்கு முன்னாடி போடுற இரும்புக் கம்பி, அதான் புல் கார்டு, அதுல மாட்டலாம்னு நெனச்சீங்கன்னா, 2017 டிசம்பர்லயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் அது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவுக்கு விரோதம்னு எல்லா மாநிலத்துக்கும் எழுதிடுச்சு, கழட்டிடுங்க. நம்ம வண்டி மஞ்சள் போர்டு, எட்டு வருஷம் வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அப்புறம் வருஷா வருஷம் எஃப்சி (ஃபிட்னஸ் சர்டிபிகேட்) காட்டணும். கழட்டி மாட்ட வசதியா கப்ளர் வச்சு ஒயரிங் பண்ணி வச்சா நாளைக்கு இன்ஸ்பெக்டர் எடுக்கச் சொன்னா அஞ்சு நிமிஷ வேலை.

கடைக்குப் போறது

லைட்டுக்கும் பிராக்கெட்டுக்கும் சென்னைல ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, ரிலே ஒயரு கப்ளருக்கும் அங்கயே பக்கத்துல. புதுப்பேட்டைல பழைய வண்டிலேர்ந்து அறுத்த ஒரிஜினல் கப்ளர், ரிலே ஹோல்டர் எல்லாம் சல்லிசா கெடைக்கும், புது டூப்ளிகேட்டை விட அது நல்லாவே இருக்கும். ஆனா ரிலே மட்டும் அங்க எடுக்கறப்ப மேல எழுதியிருக்கறத ரெண்டு வாட்டி படிங்க. நான் ஒரு தடவை படிக்காம எடுத்துட்டு வந்து ஒரு ஞாயித்துக்கெழமை பூரா மண்டையப் பிச்சுக்கிட்டேன், சாயங்காலம் கண்ணாடி போட்டுப் பார்த்தா 24 வோல்ட், லாரி ரிலே. நம்ம பிக்கப்பு 12 வோல்ட், 24 ரிலே அதுல அசையவே அசையாது. மல்டிமீட்டர், சூடு காட்டினா சுருங்குற ஸ்லீவ் இதெல்லாம் ரிச்சி ஸ்ட்ரீட்.

எடுக்க வேண்டியது: 12 வோல்ட் நாலு பின் ரிலே, 30 இல்லன்னா 40 ஆம்ப், ஹோல்டரோட. தண்ணி புகாத மூடி வச்ச பிளேடு ஃப்யூஸ் கேரியர். ஒயரு, மெயின் லைனுக்கு ஹாலஜன்னா 2.5 ஸ்கொயர் எம்எம், எல்இடின்னா 1.5, சுவிட்ச் லைனுக்கு 0.75 போதும். லக்கு (ஒயரு நுனில அமுக்குற உலோக முனை), ஸ்லீவு, மேல போடுற நெளிநெளி பைப்பு, கேபிள் டை. லக்கு அமுக்குற கிரிம்பிங் கட்டிங் பிளேயர் நல்லதா ஒண்ணு, பல்லால கடிச்சு கொறடால நசுக்கற வேலை வேணாம்.

ஒயரு வாங்கறப்ப ஒரு சின்ன வேலை பண்ணுங்க. நுனியச் சீவி ஒரு இழையை பிளேடால சொரண்டிப் பாருங்க. சொரண்ட சொரண்ட செம்பு கலர் போயி வெள்ளையாச்சுன்னா உள்ள அலுமினியம், மேல செம்பு முலாம், வச்சிட்டு வந்துருங்க. லைட்டோட ரெடிமேட் செட்டா வர்ற ஒயரிங்ல இது சாதாரணம். ஒயரு ஏன் தடியா இருக்கணும்னா, நாலு மீட்டர் நீளம், 10 ஆம்ப் போகுதுன்னு வைங்க, 1 ஸ்கொயர் எம்எம் செம்புல ஏறக்குறைய 0.7 வோல்ட் வழிலயே காணாமப் போகும், 2.5ல 0.28தான் போகும். காணாமப் போன வோல்ட்டு எங்கயும் போகல, ஒயருக்குள்ள சூடா உக்காந்திருக்கு.

ரிலே புரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது

வீட்ல போர் மோட்டருக்கு ஒரு ஸ்டார்ட்டர் பொட்டி இருக்கும்ல, பச்சை பட்டன சுண்டு விரலால அமுக்குறீங்க, உள்ள "டொக்"குனு ஒண்ணு இழுத்துக்கும், மோட்டர் ஓடும். மோட்டருக்குப் போற கரண்ட் உங்க விரல் அமுக்குற பட்டன் வழியா போகல, அந்த "டொக்"கு வழியா போகுது. ரிலே அதோட தம்பி. சின்ன காயில், சின்ன காந்தம், ஒரு காண்டாக்ட்டு. காயிலுக்கு 0.15 ஆம்ப் கிட்டத்தான் வேணும், அத உங்க டேஷ்போர்டு சுவிட்ச் ஆயுசுக்கும் தாங்கும், 10 ஆம்ப் பேட்டரிலேர்ந்து நேரா ரிலே காண்டாக்ட்டு வழியா லைட்டுக்குப் போயிடும், கேபினுக்குள்ளயே வராது.

அடில பார்த்தா பின்னுக்குப் பக்கத்துல நம்பர் இருக்கும். ஜெர்மன்காரங்க டிஐஎன் 72552ன்னு ஒரு ஸ்டாண்டர்டுல வச்ச நம்பரு, மெட்ராஸ்ல எந்தப் பட்டறைலயும் இதே நம்பர்தான் சொல்லுவாங்க. 30ல பேட்டரி பிளஸ், நடுவுல ஃப்யூஸோட. 87லேர்ந்து லைட்டு பிளஸ். 86ல சுவிட்சுலேர்ந்து வர்ற ஒயரு. 85 எர்த், அதாவது வண்டி இரும்புல குடுக்கற மைனஸ். அவ்வளவுதான், கைல பால்பாயிண்ட்டால எழுதிக்கோங்க, பையன் எழுதிக்கிட்டான். அஞ்சு பின் ரிலேல நடுவுல 87ஏன்னு ஒண்ணு இருக்கும், அது தலைகீழ், ரிலே சும்மா இருக்கறப்ப கரண்ட் வரும், தெரியாம அதுல லைட்டக் குடுத்தா சுவிட்ச் ஆஃப்ல எரியும், ஆன்ல அணையும். 85ம் 86ம் மாறினா பொதுவா பரவால்ல, ஆனா சில ரிலேக்குள்ள டயோடு வச்சிருப்பாங்க, அதுல 86தான் பிளஸ், மாத்திக் குடுத்தா டயோடு போயிடும். அதனால பழக்கமா 86லயே பிளஸ் குடுங்க.

வண்டில மாட்டுறதுக்கு முன்னாடி டேபிள்ல வச்சு ஒரு தடவை பாருங்க. மீட்டர ஓம்ஸ்ல வச்சு 85க்கும் 86க்கும் நடுவுல 80லேர்ந்து 100 ஓம்ஸ் காட்டணும். 30க்கும் 87க்கும் ஒண்ணும் காட்டக் கூடாது. அப்புறம் 86ல பிளஸ், 85ல மைனஸ் தொட்டா "டக்", இப்ப 30க்கும் 87க்கும் பீப். இந்த "டக்" சத்தத்த நல்லா காதுல வாங்கி வச்சுக்கோங்க, பின்னாடி ரோட்ல நின்னு தேடுறப்ப உதவும்.

வண்டில வேலை

சாவிய எடுத்துட்டு கொஞ்ச நேரம் விடுங்க, அப்புறம் பேட்டரி மைனஸ மொதல்ல கழட்டுங்க, மாட்டுறப்ப அத கடைசில மாட்டுங்க. ஏன்னா பாடி பூரா மைனஸு, பிளஸ கழட்டுறப்ப ஸ்பானர் பாடில பட்டா அது வெல்டிங் ராடு ஆயிடும். மைனஸ எடுத்துட்டா அப்புறம் பாடில எங்க பட்டாலும் ஒண்ணும் ஆகாது. மோதிரம், இரும்பு காப்பு, வாட்ச்சு கழட்டி வச்சிடுங்க.

லைட்ட பம்பர்ல இருக்குற ஃபாக் லைட்டு ஓட்டைலயோ, அடில சேஸிஸோட சேந்த பிராக்கெட்லயோ மாட்டுங்க, பிளாஸ்டிக் கிரில்ல மாட்டாதீங்க, ஆடிக்கிட்டே இருக்கும். ரேடியேட்டருக்குக் காத்து போற வழிய மறைக்கக் கூடாது. ஓட்டை போட்டா ஓரத்துல பெயின்ட் அடிச்சுடுங்க, இல்லன்னா ஒரு மழைக்காலத்துல துரு ஆரம்பிச்சுடும். ரிலேவ பேட்டரிக்குப் பக்கத்துல, எவ்வளவு மேல முடியுமோ அவ்வளவு மேல, பின் கீழ பார்த்த மாதிரி வைங்க. தண்ணி வழிஞ்சா கீழ போயிடும், உள்ள தேங்காது.

ஃப்யூஸ் பேட்டரி பிளஸ்லேர்ந்து ஒரு ஜாண் தூரத்துக்குள்ள இருக்கணும். இத நிறைய பேர் லைட்டுக்குப் பக்கத்துல வைப்பாங்க. ஃப்யூஸ் லைட்டக் காப்பாத்த இல்ல, ஒயரக் காப்பாத்த. பேட்டரிக்கும் ஃப்யூஸுக்கும் நடுவுல இருக்குற ஒயரு எங்கயாவது உரசி பாடில பட்டா அதக் கேக்க ஆளே கிடையாது, பேட்டரி காலியாகற வரைக்கும் எரியும். அந்த நடு ஒயரு எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. 55 வாட் ரெண்டுக்கு நீலக் கலர் 15 ஆம்ப். எங்க எல்இடி ரெண்டும் சேந்து 3.6 ஆம்ப், அதுக்கு பிரவுன் கலர் 7.5. அடிக்கடி ஃப்யூஸ் போகுதுன்னு மஞ்சள் 20க்கு மாத்துறது, அப்புறம் பச்சை 30க்கு மாத்துறது, கடைசில சிகரெட் டப்பா பேப்பர சுத்தி வைக்கறது, இந்த வரிசைல போனவங்க எனக்குத் தெரிஞ்சே ரெண்டு பேர் இருக்காங்க.

ஒயரு இழுக்கறப்ப பேன் பெல்ட்டு, சைலன்சர் பைப்பு, டர்போ, ஸ்டியரிங் ராடு இது நாலுக்கும் கிட்ட போகவே கூடாது, டீசல் பைப்போடயும் பிரேக் பைப்போடயும் சேத்துக் கட்டக் கூடாது. ஒயர நெளிநெளி பைப்புக்குள்ள போட்டு ஒரு ஜாணுக்கு ஒரு கேபிள் டை. கேபினுக்குள்ள போக ஃபயர்வால்ல (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்குற தகடு) ஏற்கெனவே பெரிய ரப்பர் புஷ் இருக்கும், அதுலயே சின்னதா ஓட்டை போட்டு விடுங்க, புதுசா தகட்டுல ஓட்டை போட்டா ரப்பர் போடாம ஒயரு விடாதீங்க, தகட்டு ஓரம் பிளேடு மாதிரி. உள்ள நுழையறதுக்கு முன்னாடி ஒயர ஒரு தொங்கு தொங்க விடுங்க, மழைத் தண்ணி அந்தத் தொங்கல்லயே சொட்டிடும், உள்ள வராது.

எர்த்து. இதுலதான் நான் பொறுமையா இருப்பேன், பையனுக்கு எரிச்சல் வந்துருச்சு. பெயின்ட் மேல போல்ட் வச்சு முறுக்கினா எர்த் ஆகாது, பெயின்ட் ஒரு இன்சுலேஷன். உப்புத்தாள் வச்சு அரை ரூபா காசு அளவுக்கு பளபளன்னு இரும்பு தெரியற வரைக்கும் தேயுங்க, லக்கு வைங்க, பல்லு வாஷர் போட்டு முறுக்குங்க, அதுக்கப்புறம் மேல வாசலின் தடவுங்க. பின்னாடி பாடில லைட்டு போட்டா பாடில எர்த் எடுக்காதீங்க, சேஸிஸ்லேர்ந்து எடுங்க, பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவுல ரப்பரும் துருவும்தான் இருக்கு. காசிமேட்டுக்கு மீன் லோடு ஓட்டுறவரு ஒருத்தர் வண்டில எர்த் லக்கப் பிரிச்சுப் பார்த்தேன், செம்பு மொத்தமும் பச்சைப் பொடியா கைல கொட்டுச்சு, ஒயரு வெளில பார்க்க புதுசு மாதிரி இருக்கு. உப்புக் காத்து இழைக்கு நடுவுல ஏறிப் போயிடும், அதனால பசை வச்ச சுருங்குற ஸ்லீவா பார்த்துப் போடுங்க. வெறும் கருப்பு டேப்பு சென்னை வெயில்ல ஒரு கோடை தாண்டாது, பிசுபிசுன்னு உருகி கழண்டு தொங்கும்.

லக்கு அமுக்கினதுக்கப்புறம் ஒவ்வொண்ணையும் பிடிச்சு நல்லா இழுத்துப் பாருங்க. கைல வர்றது வண்டிலயும் வரும்.

இனி 86க்கு எங்கேர்ந்து கரண்ட் எடுக்கறதுன்னு ஒண்ணு இருக்கு. ஃபாக் லைட்டுன்னா பார்க் லைட்டு ஃப்யூஸ்லேர்ந்து, அப்ப சாவிய எடுத்துட்டு மறந்து போனாலும் பார்க் லைட்டு எரியறதப் பார்த்து தெரிஞ்சுக்கலாம். ஸ்பாட் லைட்டுன்னா ஹை பீம்லேர்ந்து, டிம் அடிச்சா அதுவும் சேந்து அணையும், எதிர்ல வர்ற பஸ்காரர்கிட்ட திட்டு வாங்க வேணாம். சில வண்டில ஹெட்லைட்டுக்கு பிளஸ் எப்பவும் வந்துக்கிட்டே இருக்கும், சுவிட்ச் மைனஸ் பக்கம் இருக்கும், அதனால மீட்டர் வச்சுப் பார்த்துட்டு எடுங்க. ஒரிஜினல் ஒயர அறுத்து முறுக்கறது வேணவே வேணாம். 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ் 6 வண்டி எல்லாத்துலயும் கம்ப்யூட்டர் உக்காந்திருக்கு, வாரண்டியும் போயிடும். ஃப்யூஸ் பாக்ஸ்ல ஃப்யூஸ எடுத்துட்டு அந்த எடத்துல சொருகற டேப் அடாப்டர் கெடைக்குது, ரெண்டு ஃப்யூஸ் எடம் இருக்கும், ஒண்ணுல பழசு, இன்னொண்ணுல 3 ஆம்ப் போட்டு சுவிட்சுக்கு லைன் எடுத்துக்கோங்க. அறுக்கற வேலையே இல்ல.

எல்லாம் மாட்டி, மைனஸும் மாட்டி, மெயின் ஃப்யூஸ கடைசில சொருகுங்க. சுவிட்ச் போட்டா "டக்", லைட்டு. இருபது நிமிஷம் எரிய விட்டு ஒயரு, ஃப்யூஸ் கேரியர், எர்த் போல்ட் மூணையும் தொட்டுப் பாருங்க. கை வைக்க முடியாத சூடு எங்க இருக்கோ அங்க லூசு. லைட்டு எரியறப்பவே மீட்டர வோல்ட்ல வச்சு பேட்டரி பிளஸ்லயும் லைட்டு பிளஸ்லயும் ரெண்டு லீடையும் தொடுங்க, அர வோல்ட்டுக்குக் கீழ இருக்கணும். அதே மாதிரி பேட்டரி மைனஸுக்கும் லைட்டு மைனஸுக்கும், 0.2க்குக் கீழ.

லோடோட செட் பண்ணுங்க

இது பிக்கப்புக்குன்னே உள்ள சமாச்சாரம், கார்காரங்க சொல்லிக் குடுக்க மாட்டாங்க. காலி வண்டில லைட்ட அழகா செட் பண்ணிட்டுப் போவீங்க, ஒன்னரை டன் தக்காளி ஏத்தினா பின் ஸ்பிரிங் பட்டை அமுங்கி முன்பக்கம் தூக்கிக்கும். முன் வீலுக்கும் பின் வீலுக்கும் நடுவுல சுமாரா 3 மீட்டர், பின்னாடி வெறும் 5 சென்டிமீட்டர் எறங்கினா போதும், 25 மீட்டர் தள்ளி வெளிச்சம் ஒன்னேகால் அடிக்கு மேல ஏறிடும், எதிர்ல பைக்குல வர்றவன் மூஞ்சிலதான் போய் விழும். அதனால லோடு ஏத்தின அன்னிக்கு, சமதளமா ஒரு எடத்துல, செவுத்துலேர்ந்து 25 அடி தள்ளி நிறுத்தி, லைட்டு தரைலேர்ந்து எவ்வளவு ஒயரத்துல இருக்கோ அந்த ஒயரத்துல செவுத்துல சாக்பீஸ் கோடு போடுங்க. ஃபாக் லைட்டோட வெளிச்சம் முடியற மேல் ஓரம் கோட்டுக்கு நாலு அங்குலம் கீழ நிக்கணும். காலி வண்டில அது இன்னும் கீழ எறங்கும், எறங்கட்டும். பையன் வண்டிக்கு மதுரவாயல்ல ஒரு குடோன் செவுத்துல கோடு போட்டோம், வாட்ச்மேன் தாத்தா வந்து "செவுத்துல கட்சி விளம்பரமாப்பா எழுதறீங்க"ன்னு வெரட்டுனாரு, விஷயத்தச் சொன்னதும் அவரே போய் வெளிச்சத்துல நின்னு, "என் கண்ணுல படல, முட்டில படுது"ன்னு சொன்னாரு. அதவிட பெரிய டெஸ்ட் எதுவும் இல்ல.

ரோட்ல நின்னுட்டா

போன வாரம் ராத்திரி ரெண்டு மணிக்கு போன். "மாமா, அச்சரபாக்கம் தாண்டி நிக்கிறேன், செம மழை, ஃபாக் லைட்டு எரியல."

"சுவிட்சப் போடு. டக்குன்னு கேக்குதா?"

"இருங்க... பானெட்டத் தெறக்கறேன்... கேக்குது."

கேக்கலன்னா சுவிட்ச் பக்கம் பார்க்கணும், டேப் அடாப்டர் ஃப்யூஸு, 86 ஒயரு, 85 எர்த்து. "டர்ர்ர்"னு ரிலே நடுங்கினா 85 எர்த் லூசு, இல்லன்னா பேட்டரி எறங்கிடுச்சு. கேட்டா சுவிட்ச், காயில், 85 எர்த் எல்லாம் சரி, கோளாறு மெயின் லைன்ல. ஃப்யூஸு போட்ட உடனே போச்சுன்னா எங்கயோ பாடில நேரா படுது, ஓடி ஓடி குண்டுகுழில குதிக்கறப்ப போகுதுன்னா ஒயரு உரசுது.

"ஃப்யூஸ எடுத்து வெளிச்சத்துல பாரு, கம்பி அறுந்திருக்கா?"

"இல்ல மாமா, நல்லாத்தான் இருக்கு."

"கேரியர்ல தண்ணி?"

கொஞ்ச நேரம் சத்தம் இல்ல, மழை மட்டும் கேக்குது. "மூடி தெறந்திருக்கு மாமா. உள்ள பூரா தண்ணி, பின்னு பச்சையா இருக்கு."

போன தடவை ஃப்யூஸக் காட்டுறேன்னு கூட வர்ற ஆளுகிட்ட தெறந்து காட்டியிருக்கான், மூடியக் கிளிக்குனு அமுக்கல. உள்ள இருக்குற தண்ணிய உதறிட்டு, சட்டைய வச்சுத் தொடச்சு, ஃப்யூஸ நாலு தடவை சொருகி எடுத்து தேச்சுட்டுப் போடச் சொன்னேன். எரிஞ்சுது. கோயம்பேடு வந்ததும் முதல் வேலையா கேரியர மாத்துடா, அந்தப் பச்சை பின்னு திரும்ப சூடாகும்னு சொல்லிட்டு போன வச்சேன். அஞ்சரைக்கு மெசேஜ் போட்டான், கேரியர் மாத்தியாச்சாம், பழச மட்டும் தூக்கிப் போடாம டிராயர்ல வச்சிருக்கானாம்.